இஸ்தான்புல்லில் ஆர் இருக்கினம்?

லண்டனுக்கு வந்த முதல் வருடங்களில் நான் மனம்விட்டுப் பேசியது ஜெர்மன் மொழியில்தான். மனைவியைப் பிரிந்த பிறகு ஜெர்மனியில் இருக்கப் பிடிக்காமல், ஜெர்மன் பாஸ்போர்ட்டோடு இங்கே வந்து, செவன் கிங்ஸில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தின் மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். வேலை ஒரு சாமான் கிடங்கில். அங்கே பேச்சுக்கு இடமில்லை.

பக்கத்துத் தெருவில் ஒரு சலூன் இருந்தது. அதை நடத்தியவர் துருக்கிக்காரர். கட்டாய இராணுவச் சேவைக்குப் பயந்து இளவயதில் இஸ்தான்புல்லிலிருந்து ஜெர்மனிக்கு ஓடியவர். அங்கிருந்து என்னைப் போலவே லண்டனுக்கு மாறி வந்திருந்தார். முடிவெட்டப் போன முதல் நாள், இருவருடைய ஆங்கிலமும் தட்டுத் தடுமாறியபோது அவர் வாயிலிருந்து ஒரு ஜெர்மன் சொல் தவறி விழுந்தது. நான் ஜெர்மனிலேயே பதில் சொன்னேன். கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அதற்குப் பிறகு முடி வளராவிட்டாலும் போவேன். அவர் தன் நகரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார். பெரிய மசூதியும் அரண்மனையும் அவர் கதையில் வராது. நீரிணைக்கு அக்கரையில் தான் வளர்ந்த குஸ்குன்ஜுக் என்ற பகுதி வரும். தேவாலயமும் மசூதியும் ஒரே மதிலைப் பங்குபோடுவதும், மரவீடுகள் வரிசையாக நிற்கும் ஏற்றத்தில் தங்கள் மஞ்சள் வீடும் வரும். குளிர்காலத்தில் வெஃபா பகுதிக்குப் போய்க் குடிக்கும் போஸா என்ற பானமும் வரும். திரும்பிப் போனால் விமான நிலையத்திலேயே பிடித்துவிடுவார்கள் என்று பயந்து, அவர் போகவே இல்லை.

ஒரு கார்த்திகை மாதம், மிச்சமிருக்கும் லீவை எடுக்கச் சொல்லி வேலையிடத்தில் வற்புறுத்தினார்கள். மற்றவர்கள் லீவென்றால் கனடாவுக்கும் பாரிஸுக்கும் சொந்தக்காரரிடம் போனார்கள். நான் இஸ்தான்புல்லுக்கு டிக்கெட் போட்டேன். வீட்டுக்கார அக்காவிடம் சொன்னபோது அவர் சமைப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"அங்கை உமக்கு ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை அக்கா."

"பிறகென்னத்துக்குப் போறீர்?"

சும்மா பார்க்கத்தான் என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. போகும் நாள் காலையில் புட்டும் பொரித்த மிளகாயும் கட்டித் தந்தார்.

முதல் நாள் எல்லோரும் பார்ப்பதையே பார்த்தேன். பெரிய மசூதி முற்றத்தில் சோடி சோடியாக வந்தவர்கள் தங்கள் கேமராவை என்னிடம் தந்து படம் எடுக்கச் சொன்னார்கள். தனியாக நின்றதால் என்னைத்தான் கேட்க வசதி போலும். எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்துப் படம் எடுத்தேன். என்னை எடுக்கவா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பின்னேரம் வெஃபாவைத் தேடிப் போனேன். வழியில் ஒரு கடையில் ஊதா நிறச் சாறொன்றை பீட்ரூட் என்று நினைத்து வாங்கினேன். உப்பும் புளிப்பும் உறைப்புமாகத் தொண்டையைப் பிடித்தது. புளிக்கவைத்த கறுப்பு கரட்டாம். போஸாக் கடையில் பழைய பளிங்கு மேசைகள் இருந்தன. கண்ணாடிக் கோப்பையில் மஞ்சள் பாகாய், மேலே கறுவாப் பட்டைத் தூளோடு தந்தார்கள். எதிர்க் கடையில் வறுத்த கடலை வாங்கி மேலே தூவிக் கரண்டியால் அள்ளினேன். இனித்துக்கொண்டே புளித்தது. "புளிக்குது" என்று வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்து மேசைக்காரர் தன்னிடம்தான் ஏதோ சொல்கிறேன் என்று திரும்பிப் பார்த்தார். அன்று முழுவதும் நான் பேசிய ஒரே தமிழ்ச் சொல் அதுதான்.

மறுநாள் படகில் அக்கரைக்குப் போய்க் கரையோரமாக நடந்தேன். குஸ்குன்ஜுக்கில் உல்லாசப் பயணிகள் ஒருவரும் இல்லை. தேவாலயத்தின் மதிலைத் தாண்டி ஏற்றத்தில் ஏறினேன். மரவீடுகளுக்கு நடுவே மஞ்சள் வீடு நின்றது. புதிதாகப் பூசியிருந்தார்கள். கீழ்த்தளம் கோப்பிக் கடையாகியிருந்தது. உள்ளே போய்ச் சன்னலோரம் இருந்தேன். பரிமாறியவர் இரண்டு கிளாஸ் தேநீர் கொண்டுவந்தார். இன்னொருவர் வரப்போகிறார் என்று நினைத்திருக்க வேண்டும். நான் ஒரு விரலைக் காட்டினேன். மற்றதை எடுத்துக்கொண்டு போனார். வெளியே கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன. யாரிடமாவது இதைச் சொல்ல வேண்டும் என்று அவ்வளவு ஆசை வந்தது. லண்டனில் கேட்பதற்கு ஓர் ஆள் இருக்கிறார் என்று நினைத்தபோதுதான் தேநீர் இறங்கியது.

திரும்பி வந்ததும் நேரே சலூனுக்குப் போனேன். படகையும் போஸாவையும் சொன்னபோது அவர் சின்னப் பிள்ளை போலக் கேட்டார். கறுவா நிறையப் போட்டார்களா என்றார். வீட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். கோப்பிக் கடை என்ற சொல் வந்ததும் அவர் கை நின்றது.

"போதும்," என்றார். "இனிச் சொல்ல வேண்டாம்."

மிச்ச முடியை அவசரமாக வெட்டி முடித்தார். வெளியே வந்தபோது, சொல்ல வந்த பாதி எனக்குள்ளேயே இருந்தது. அதைக் கேட்க வேறு ஆளில்லை. பிறகு அந்தத் தெருவையே தவிர்த்தேன். முடி காதை மூடியது. அக்காகூட, சாமியாராகப் போறீரோ என்று கேட்டார்.

மாசி மாதம், மழைக்குள் பஸ்ஸைப் பிடிக்க அந்தத் தெருவாலேயே ஓடியபோது அவர் சலூன் வாசலில் நின்று கை காட்டிக் கூப்பிட்டார். நாற்காலியில் இருத்தித் துணியைப் போர்த்தினார். வெகுநேரம் சீப்பால் வாரிக்கொண்டே நின்றார்.

"அந்தக் கோப்பிக் கடையில் எந்தச் சன்னல் பக்கம் இருந்தீர்கள்?"

"கடல் தெரியும் பக்கம்."

"அதுதான் நாங்கள் சகோதரர்கள் படுக்கும் அறை," என்றார்.

பிறகு சொல்லத் தொடங்கினார். சுவரில் அடுப்பு இருந்த இடம், அண்ணனோடு சண்டைபோட்டு உடைத்த கண்ணாடி, வீட்டை விட்டுப் புறப்பட்ட நாளில் ஒருவரும் எழும்பாமல் படுத்திருந்தது. கத்தரிக்கோலை அவர் எடுக்கவே இல்லை. மழை விடும்வரை, ஈரத் தலையோடு அப்படியே இருந்து கேட்டேன்.