இஸ்மேயின் முதல் கேள்வி

எங்கள் பாராமின் மலையில் பாட்டுக்காரர்களுக்குப் பஞ்சமே கிடையாது. தடுக்கி விழுந்தால் ஒரு பாட்டுக்காரன் மேல்தான் விழ வேண்டும். ஆனால் பாட்டைப் பதிவு செய்ய ஒரே ஒரு இடம்தான் உண்டு. அது இஸ்மே ரோமேனின் வீட்டுப் பின்னறை.

இஸ்மேக்கு வயது நாற்பத்தெட்டு. டெலிபோன் கம்பெனி ஒன்றில் பத்தொன்பது வருஷம் கம்பம் ஏறினாள். ஆட்குறைப்பு என்று ஒருநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரம் அழுதாள். எட்டாம் நாள் எழுந்து போய்ப் பழைய கணினி ஒன்றும் நல்ல மைக் ஒன்றும் வாங்கி வந்தாள். பின்னறைச் சுவர்களில் பழைய மெத்தைகளை ஆணியடித்து மாட்டினாள். துணி அலமாரியின் கதவையும் அடிப்பலகையையும் கழற்றிவிட்டு, பாடுகிறவர் அதற்குள் நிற்கும்படி செய்தாள். அந்த அறைக்கென்று தனியாக ஒரு எர்த் கம்பியைத் தன் கையாலேயே சம்மட்டியால் தரையில் அடித்து இறக்கினாள். மண்ணுக்குப் போக வேண்டிய மின்சாரத்துக்கு மண்ணுக்கு வழிவிட்டால் அது பாட்டுக்குள் வந்து தொல்லை பண்ணாது என்பது அவள் சித்தாந்தம்.

பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் படுக்கையறையையே ஸ்டுடியோ ஆக்கி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அங்கே மைக் ஊமையானாலும் ஸ்பீக்கர் கரகரத்தாலும் இஸ்மேக்குத்தான் போன் வரும். அவளைக் கூட்டிப் போவது என் ஜீப். நான் பெர்டில். வருஷம் முழுக்க இந்த மலையில் ஜீப் ஓட்டுகிறேன். டிசம்பரில், வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் எங்கள் பராங் குழுவில் மராக்காஸ் என்கிற கிலுகிலுப்பை ஜோடியைக் குலுக்குகிறேன். ஆறு வருஷமாக இஸ்மே ஊராரைத் திட்டுவதைக் கேட்டுக் கேட்டுக் காய்த்துப்போன காது என்னுடையது.

எந்த வீட்டுக்குப் போனாலும் அவள் முதலில் எதையும் தொடமாட்டாள். வாசலில் நின்றபடியே கேட்பாள்: "கடைசியா எதை மாத்தினீங்க?"

எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். ஒன்றுமே பண்ணவில்லையாம். மரவாலில் ஒரு ஆள் அப்படித்தான் மாதா மேல் சத்தியம் செய்தார். உள்ளே போய்ப் பார்த்தால் கணினிப் பெட்டியின் தலைமேல் மீன் தொட்டி உட்கார்ந்திருந்தது, பெட்டிக்குள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். சான்டா குரூஸில் ஒரு பாதிரியாருக்கு ஹெட்போனில் சத்தமே வரவில்லை. அவருடைய தங்கை, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சருக்குப் பூவேலை செய்து ஒரு உறை தைத்திருந்தாள். உறையின் உள்பக்கத் தையல் தடித்து, சத்தத்தை நிறுத்தும் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது.

திரும்பி வரும்போது ஜீப்பில் இஸ்மே சொல்வாள்: "ஒண்ணும் பண்ணலைன்னு சொல்றவன்தான் பெர்டில், எல்லாத்தையும் பண்ணி வச்சிருப்பான்." இதை நூறு தடவையாவது கேட்டிருப்பேன். ஒருநாளாவது இவளுக்கும் அடி சறுக்காதா என்று நான் நினைத்ததுண்டு. ஆனால் அது அந்தச் சனிக்கிழமை பார்த்துச் சறுக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை.

எங்கள் குழுவின் முதல் குரல் தியோஃபில். மலைச்சரிவில் தைம் கீரையும் வெங்காயத் தாளும் பயிர் செய்கிற மனிதர், ஐம்பத்தேழு வயது. அவருடைய குரல்நாணில் ஏதோ வளர்ந்திருந்தது. திங்கட்கிழமை ஆபரேஷன். கெட்ட கட்டி இல்லை, உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். குரல் திரும்பி வருமா என்றதற்கு, வரும், ஆனால் பழைய குரலே வரும் என்று எழுதித் தர முடியாது என்றார். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு மாதம் வாயைத் திறக்கக் கூடாது. அதற்கு முன்னால் ஒரே ஒரு பாட்டு வேண்டுமானால் பாடிக்கொள்ளலாம், மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தொண்டையை வருத்தக் கூடாது.

தியோஃபில் அந்த வருஷம் சொந்தமாக ஒரு பாட்டுக் கட்டியிருந்தார். மூடிய கதவின் முன்னால் நின்று, வீட்டுக்காரரே, தூரத்திலிருந்து வந்திருக்கிறோம், கதவைத் திறங்கள் என்று கேட்கிற பாட்டு. அதை ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முந்தி, நவம்பர் கடைசிச் சனிக்கிழமை, இஸ்மே வீட்டில் பதிவு செய்துவிடுவது என்று ஏற்பாடு.

காலை ஒன்பது மணிக்குக் கூடினோம். வீடு ஜொலித்தது. டிசம்பரில் தனக்கு வேலை குவிந்துவிடும் என்று இஸ்மே மற்றவர்களுக்கு முந்தியே கிறிஸ்துமஸ் வேலைகளை முடித்திருந்தாள். புதுத் திரைச்சீலை, ஜன்னலைச் சுற்றிச் சின்ன விளக்குகள், பின்னறைத் தரையில் புது லினோலியம் விரிப்பு. லினோலியம் இரண்டடி குறைந்துபோனதால் அலமாரிக்குள் மட்டும் வெறும் சிமென்ட் தரை. இறைச்சியை மாவில் பொதிந்து வாழையிலையில் மடித்த பஸ்தேல் அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. தியோஃபில் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிவிட்டு அலமாரிக்குள் நின்றார். செருப்புப் போட்டால் அவருக்குப் பாட்டு வராது. இஸ்மே ஹெட்போனை மாட்டினாள், முகம் சுருங்கியது.

ஹெட்போனில் ஒரு இரைச்சல். கூடவே ஒரு தேனீக் கூட்டம் குடிவந்தது போல விடாத உறுமல். தியோஃபில் இரண்டு வரி பாடினார். உறுமல் பாட்டையும் சேர்த்து மென்றது.

இஸ்மே பதறவில்லை. இருக்கட்டும், இதெல்லாம் எனக்குப் பல் விளக்குகிற மாதிரி என்றாள். கேபிளை மாற்றினாள். இரைச்சல் போகவில்லை. மைக்கை மாற்றினாள், போகவில்லை. குரலைக் கணினிக்குள் அனுப்பும் சிவப்புப் பெட்டியில் வேறு துளையில் செருகிப் பார்த்தாள். நான் ஜன்னல் விளக்குகள்தான் காரணம் என்று அடித்துச் சொன்னேன். அணைத்தோம். அப்புறம் குளிர்பெட்டியை அணைத்தோம், விசிறியை அணைத்தோம், கடைசியில் பக்கத்து வீட்டுக்குப் போய் அவர்களுடைய தையல் மெஷினையும் நிறுத்தச் சொன்னோம். தேனீக்கள் நகரவில்லை.

ஒவ்வொன்றையும் மாற்றியபின் சரியாகிவிட்டதா என்று பார்க்கத் தியோஃபில் இரண்டு வரி பாட வேண்டியிருந்தது. ஒவ்வொரு இரண்டு வரியும் அவருடைய ஒரு மணி நேரத்திலிருந்து போய்க்கொண்டிருந்தது. பன்னிரண்டு மணிக்கு அவர் குரலின் ஓரத்தில் ஒரு பிசிறு கேட்டது. போனிலேயே பதிவு செய்துவிடலாமே என்றேன். இஸ்மே என்னை முறைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

நடுவில் ஒரு தடவை தியோஃபில், மைக் நிற்கிற கம்பியைத் தொட்டால் எறும்பு கடிக்கிறது என்றார்.

"ஆபரேஷன் பயம் விரல் நுனி வரைக்கும் வந்துடுச்சு அண்ணனுக்கு," என்றேன். எல்லோரும் சிரித்தோம். இஸ்மேயும் கம்பியைத் தொட்டுப் பார்த்து, எறும்பும் இல்லை ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டாள். அவள் ரப்பர் செருப்புப் போட்டு லினோலியத்தின் மேல் நின்றாள் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு மணிக்கு இஸ்மே சிவப்புப் பெட்டியைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தாள். மரவாலுக்குப் போய் மீன்தொட்டிக்காரரிடம் வேறு பெட்டி வாங்கி வா என்று என்னை விரட்டினாள். நான் சாவியை எடுத்தேன். களைத்துப்போன தியோஃபில் மைக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அதன்மேல் சாய்ந்தார்.

"யாரு என்ன பண்ணது?" என்றாள் இஸ்மே, ஹெட்போனைக் காதோடு அழுத்தியபடி. "சத்தம் பாதியா கொறைஞ்சிடுச்சு."

தியோஃபில் கையை எடுத்தார். உறுமல் திரும்பி வந்தது. பிடித்தார், குறைந்தது. அவர் அவளையே பார்த்தார். பேசாதே பேசாதே என்று காலையிலிருந்து எல்லோரும் அவர் வாயை அடைத்து வைத்திருந்தோம். மெதுவாகப் பேசினார்.

"இஸ்மே, ஊர்ல எல்லாரையும் ஒரு கேள்வி கேப்பியே. அதை உன்னை யாராச்சும் கேட்டாங்களா?"

"எந்தக் கேள்வி?"

"கடைசியா எதை மாத்தினே?"

"நான் ஒண்ணுமே பண்ணலை அண்ணே," என்றாள் இஸ்மே.

நான் சுவரிலிருந்த மெத்தையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். குவாத்ரோ என்கிற நாலு தந்திச் சின்னக் கிட்டார் வாசிக்கிறவர் இருமுவது போல நடித்தார்.

"அப்ப முழங்கையில என்ன பச்சை?" என்றார் தியோஃபில்.

"இதுவா, கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சேன். அது எல்லாரும் பண்றதுதானே, அதைப் போய்..." அவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் ஊரில் கிறிஸ்துமஸுக்குப் பெயின்ட் அடிப்பதை ஒரு காரியம் என்று யார் கணக்கில் வைக்கிறார்கள்? இன்றைக்குப் புதிதாக என்ன செய்தாய் என்று கேட்டால், பல் விளக்கினேன் என்று யாராவது சொல்வார்களா?

எல்லோரும் வீட்டின் பின்பக்கம் ஓடினோம். சுவர் இளம் பச்சை, தண்ணீர்க் குழாய் இளம் பச்சை. இஸ்மே தன் கையால் அடித்து இறக்கிய எர்த் கம்பியும் தலை முதல் மண் வரை வழவழப்பான இளம் பச்சை. பெயின்ட் ஒழுங்காக ஏறட்டும் என்று ஒயரைப் பிடிக்கும் கவ்வியைக் கழற்றி, கம்பிக்கு இரண்டு கோட், கவ்விக்கு உள்ளேயும் வெளியேயும் இரண்டு கோட் அடித்து, காய்ந்தபின் திருப்பி முடுக்கியிருக்கிறாள். அவ்வளவு நேர்த்தி. ஒயருக்கும் கம்பிக்கும் நடுவே பெயின்ட். மண்ணுக்குப் போக வழியில்லாத மின்சாரம், செருப்பில்லாத தியோஃபில் வழியாகப் போகப் பார்த்திருக்கிறது.

இஸ்மே தலையில் கையை வைத்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டாள். "எறும்பு கடிக்குதுன்னு நீங்க சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும் அண்ணே. உங்களை எர்த் கம்பியா நிக்க வச்சுட்டேனே." அவள் கண்கள் கலங்கின. தியோஃபில் அவள் தோளைத் தட்டி, சமையலறைக் கத்தியைக் கையில் கொடுத்தார்.

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, அவள் கம்பியையும் கவ்வியையும் செம்பு பளபளக்கச் சுரண்டினாள். மறுபடி முடுக்கினாள். உள்ளே வந்து ஹெட்போனை மாட்டியவள், அதைக் கழற்றி என் காதில் வைத்தாள். தியோஃபில் மூச்சுவிடுவது மட்டும் கேட்டது.

அவர் ஒரே தடவைதான் பாடினார். இரண்டாவது தடவைக்கு அவரிடம் குரல் இல்லை. கடைசி வரியில் அந்தப் பிசிறு வந்தது, இஸ்மே அதை அழிக்கவில்லை. அது இருக்கட்டும், அன்றைக்கு அவர் பட்ட பாடு அதில்தான் இருக்கிறது என்றாள். ஆறிப்போன பஸ்தேலைத் தின்றுவிட்டு வீடு திரும்பினோம். ஜீப்பில் எனக்கு எவ்வளவோ கிண்டல் செய்ய இருந்தது, செய்யவில்லை. மறுநாள் வட்டியோடு செய்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் குழுவோடு இஸ்மே வீட்டு வாசலுக்குப் போனோம். தியோஃபிலும் வந்தார், கழுத்தில் ஒரு சிலேட்டு, கையில் என் இரண்டாவது ஜோடி மராக்காஸ். முதல் குரல் இல்லாமல் எப்படித் தொடங்குவது என்று நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்போது மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து தியோஃபிலின் குரல் கிளம்பியது. வீட்டுக்காரரே, தூரத்திலிருந்து வந்திருக்கிறோம், கதவைத் திறங்கள். இரைச்சல் ஒரு துளி இல்லை. குவாத்ரோ சேர்ந்துகொண்டது, நாங்களும் சேர்ந்து பாடினோம். தியோஃபில் தலையைக் குனிந்துகொண்டு மராக்காஸைக் குலுக்கினார். பாதி வரிகளை நான் பாடவே இல்லை.

பாட்டு முடிந்ததும் இஸ்மே கதவைத் திறந்தாள். அவள் முகம் நனைந்திருந்தது. ஆனாலும் வழியை மறித்து நின்றுகொண்டு கேட்டாள்.

"உள்ள விடுறேன் அண்ணே. அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. கடைசியா எதை மாத்தினீங்க?"

தியோஃபில் மராக்காஸை என்னிடம் கொடுத்துவிட்டு, சிலேட்டில் நிதானமாக எழுதி அவள் முன்னால் தூக்கிப் பிடித்தார்.

"ஒண்ணுமே பண்ணலை. கிறிஸ்துமஸுக்குத் தொண்டையை மட்டும் கொஞ்சம் சுரண்டினாங்க."