சாய்ந்த இருக்கை

பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்கு என் மனைவியை அழைத்துப் போனபோது, டாக்சியை ஓட்டியவர் ஐம்பது வயதுப் பெண். ஒட்ட வெட்டிய நரைமுடி, தடித்த கண்ணாடி. வண்டியை எடுக்குமுன் எங்கள் இருவரின் பெல்ட்டையும் தானே ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

நெய்யாற்றின்கரை தாண்டியதும் மனைவிக்கு முதுகுவலி அதிகமாயிற்று. முன்னிருக்கையை முழுவதும் சாய்த்துப் படுத்துக்கொண்டாள். அவர் உடனே வண்டியை ஓரம் கட்டினார்.

"சீட்ட நிமித்து மக்கா. படுத்துக் கிடந்தா பெல்ட்டு நெஞ்சுல நிக்காது. பிரேக் போட்டா ஆளு அடியில வழுகிப் போவும்."

"அவளுக்கு வலிக்குது அக்கா. நீங்க மெல்ல ஓட்டினாப் போதும்," என்றேன் கோபமாக.

"எதிரே வாறவனும் மெல்ல வரணுமே சாரே. படுக்கணும்னா வண்டி இங்க நிக்கட்டு. வலி குறைஞ்ச பெறவு போவோம்."

கால் மணி நேரம் நின்றோம். பிறகு ஒரு துண்டைச் சுருட்டி மனைவியின் இடுப்புக்குப் பின்னால் வைத்து, அவளை நிமிர்த்தி உட்காரவைத்த பின்பே புறப்பட்டார். பாலராமபுரத்தில் ஓர் ஆட்டோ திடீரென்று குறுக்கே திரும்பியது. அவர் பிரேக்கை மிதித்த வேகத்தில் முன்னால் போன மனைவியை பெல்ட் பிடித்து நிறுத்தியது.

ஆஸ்பத்திரி வாசலில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"சாரு கோவப்பட்டதுல தப்பில்ல. முன்ன ஒரு பெண்பிள்ளை, கொஞ்சம் படுத்துக்கிடுறேன்னு கேட்டா. நான் சரின்னு சொல்லிப்போட்டேன்."

மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் வாடகையைக் கொடுத்துவிட்டு அவளை உள்ளே அழைத்துப் போனேன். படுத்துக்கொள்ளக் கேட்ட அந்தப் பெண் யாரோ ஒரு பயணியா, அவருடைய மகளா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.