கடைசி வரிசை சீட் இரண்டு

எங்கள் கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கிய அன்று கேக் வெட்டினார்கள். பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில், எங்கள் கவுண்டருக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில். நானும் வாங்கித் தின்றேன். இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

கேக் தின்ற வாரமே ஆளுக்கொரு கடிதம் வந்தது. பன்னிரண்டு வருடம் அந்தக் கவுண்டரில் நின்று டிக்கெட் கிழித்தவள் நான். கடிதத்தின்படி அன்றுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஆறு மாதம் தற்காலிகமாம், நடத்தையைப் பார்த்து நிரந்தரமாக்குவார்களாம். என் நடத்தையைப் பார்க்கத் தலைமையகத்திலிருந்து வந்த அதிகாரிக்கு, பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்கு எந்தப் பக்கம் பறக்க வேண்டும் என்பது தெரியுமோ என்னவோ. வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான் அப்போது வந்துகொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

முன்பு இரண்டு கம்பெனியும் போட்டி போட்டுப் பறந்தன. ஒன்றானதும் பாதி விமானங்களை நிறுத்திவிட்டார்கள். காலை பத்து மணியை விட்டால் சாயங்காலம்தான். டிக்கெட் விலையையும் ஏற்றினார்கள். கேட்கிற பயணிகளிடம், இது உங்கள் வசதிக்காக என்று சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும். அந்தச் சிரிப்புக்குக்கூட ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவர்கள் கை வைத்த இன்னொன்றைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பழைய கம்பெனியில் கடைசி வரிசையில் இரண்டு சீட்டை விற்காமல் வைத்திருப்போம். விமானம் கிளம்ப அரை மணி நேரம் இருக்கும்வரை அவை யாருக்கும் கிடையாது. சாவுக்குப் போகிறவர்களுக்காக. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது இல்லை. நம் ஆட்களும் சரி, மலாய்க்காரர்களும் சரி, உடலை நாள் கணக்கில் வைத்திருக்க மாட்டார்கள் என்பது கவுண்டரில் இருந்த எல்லோருக்கும் தெரியும். எழுதாமலே நடந்துவந்த வழக்கம் அது. புதியவர்கள் வந்த மூன்றாம் வாரம், எல்லா சீட்டையும் விற்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. நானே படித்துச் சுவரில் ஒட்டினேன்.

ஒட்டிய கையின் ஈரம் காய்வதற்குள் அந்த போன் வந்தது. காலை ஆறரை மணி. கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறவர்.

"அக்கா, அம்மா தவறிட்டாங்க. கோலாலம்பூர் தாண்டி, கிள்ளான் பக்கம் எஸ்டேட்டு. நாலு மணிக்குத் தூக்கிடுவாங்க. நான்தான் கடைசிப் பையன், நான்தான் கொள்ளி வைக்கணும். இங்க பக்கத்துல பட்டர்வொர்த்துல டாக்சி புடிச்சிடவா, இல்ல பிளைட்டு கெடைக்குமா?"

"டாக்சி எல்லாம் வேணாம் தம்பி. சீட் இருக்கு. ஒம்பது மணிக்கு வந்திருங்க" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. பன்னிரண்டு வருடப் பழக்கம் சொன்னது. போனை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது எதிரே சுவரில் சுற்றறிக்கை. பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ஒரு சீட்கூட இல்லை. திருப்பிக் கூப்பிட அவரிடம் நம்பர் வாங்கவில்லை. அவர் பேசியது தெருமுனைப் பொதுத் தொலைபேசியிலிருந்து.

பெரி படகு ஏறி, மோட்டார் சைக்கிளில் ஒன்பதுக்கு முன்னாலேயே வந்துவிட்டார். கையில் ஒரு பை, அதில் மடித்த வெள்ளை வேட்டி. விஷயத்தைச் சொன்னேன்.

"என்னக்கா, நீங்கதான லா வரச் சொன்னீங்க?"

அவ்வளவுதான் கேட்டார். சத்தம்கூடப் போடவில்லை.

அன்று அந்த விமானத்தில் இலவசப் பாஸில் போகிற ஒருவர் இருந்தார். எங்களை ஆராய தலைமையகத்திலிருந்து வந்த அதே அதிகாரி. பழைய கம்பெனியில் இலவசமாகப் போகிற ஊழியர், அவசரமென்றால் எழுந்து வழிவிட வேண்டும். பெரிய அதிகாரிகளே விட்டிருக்கிறார்கள். புதிய விதியில் அவர் சீட் உறுதியானது. பயணிகள் காத்திருக்கும் இடத்தில், காலடியில் பினாங்கு பிஸ்கட் பெட்டி நான்கை அடுக்கிவைத்துப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அவரிடம் கேட்கத்தான் போனேன். சத்தியமாக அதற்குத்தான் போனேன். முன்னால் போய் நின்றதும் அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவில்லை, நெஞ்சில் குத்தியிருந்த பெயர் அட்டையைப் பார்த்தார்.

"சார், போர்டிங் ஆரம்பிச்சிட்டாங்க" என்றேன்.

பிஸ்கட் பெட்டியில் இரண்டை நானே தூக்கிக் கொடுத்தேன்.

கவுண்டருக்குத் திரும்பி வந்தபோது அந்தத் தம்பி டாக்சிக்கு ஓடிக்கொண்டிருந்தார். ஆறரைக்கே பட்டர்வொர்த்தில் ஏறியிருந்தால் மதியம் இரண்டு மணிக்குள் அம்மா பக்கத்தில் இருந்திருப்பார்.

நான்காம் நாள், விமான நிலையத்தில் விட்டுப்போன மோட்டார் சைக்கிளை எடுக்க வந்தார். நானே வெளியே போய்க் கேட்டேன்.

"அஞ்சரை வரைக்கும் வச்சிருந்தாங்களாம்க்கா. மழை இருட்டிட்டு வந்துச்சாம். பெரியண்ணன் வச்சிட்டாரு. நான் போறப்ப நெருப்புதான் இருந்திச்சு." வண்டியை உதைத்துக் கிளப்பினார். "நீங்க என்னக்கா செய்வீங்க, புதுக் கம்பெனி."

திட்டியிருக்கலாம். கவுண்டரில் வந்து கத்தியிருக்கலாம். புகார்ப் புத்தகம் மேசைமேல்தான் கிடந்தது, நானே பேனாவை எடுத்துக் கொடுத்திருப்பேன். ஒன்றுமே செய்யாமல் போனார்.

ஆறு மாதம் கழிந்தது. என் வேலை நிரந்தரமானது. கடிதத்தில் அந்த அதிகாரியின் கையெழுத்து. புதிய விதிகளை நன்றாகக் கடைப்பிடித்தேனாம், என்மேல் பயணிகள் யாரும் ஒரு புகார்கூடக் கொடுக்கவில்லையாம்.