வடக்குச் சுவர் எடுத்த அளவு

இது நடந்தது நவம்பர் ஏழாம் தேதி, மாலை நாலு பத்திலிருந்து ஆறு ஐம்பத்திரண்டு வரை. நேரம் இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும் என்று கடைசியில் சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். பழைய கட்டடங்களை அளப்பதுதான் என் பிழைப்பு. இருபது வருடமாக எத்தனையோ கோட்டைகளுக்குள் தனியாகத் தவழ்ந்து போய் வந்திருக்கிறேன். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் கிண்டல் செய்கிற முதல் ஆள் நான்தான்.

எங்கள் ரொடோப்பி மலையில் வ்ரானா கோட்டை என்று ஒன்று இருக்கிறது. மிச்சம் இருப்பது ஒரே ஒரு கோபுரம். அறுநூறு வருடக் கிழம். சுவரின் கனம் இரண்டு மீட்டர் எண்பது. படிக்கட்டு அந்தச் சுவரின் வயிற்றுக்குள்ளேயே ஏறும். ஒரு ஆள் ஏறினால் எதிரே இன்னொரு ஆள் இறங்க முடியாது. கட்டியவர்கள் வேண்டுமென்றே அப்படிக் கட்டினார்கள். எதிரி எத்தனை பேர் வந்தாலும் ஒவ்வொருவனாகத்தான் உள்ளே நுழைய வேண்டும், ஒவ்வொருவனாகத்தான் சாக வேண்டும்.

அந்தக் கோபுரத்தின் வடக்குச் சுவரை நாங்கள் எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தோம். மூன்று முறை கட்டினோம். மூன்று முறையும் சரிந்தது. நாலாவது முறை கல் வைக்கும் அன்று, அதாவது அந்த ஏழாம் தேதி காலையில், எங்கள் மேஸ்திரி ஸ்டாமென் ஒரு சாக்குப் பையோடு வந்தார். அறுபத்திரண்டு வயது, நல்ல தொப்பை. பைக்குள் ஒரு சிவப்புச் சேவல்.

"இதை அறுத்து அடிக்கல்லுல ரத்தம் விட்டாதான் இந்தச் சுவரு நிக்கும், நெவேனா."

"ரத்தம் கலந்தா என் சுண்ணாம்புப் பரிசோதனை மொத்தமும் பாழ். வீட்டுக்குக் கொண்டுபோய் சூப்பு வைங்க."

"விளையாடாதம்மா. சேவல் குடுக்கலைன்னா அது ஆளோட நிழலை எடுத்துக்கும். அந்தக் காலத்துல கொத்தனுங்க வழியில போறவன் நிழலை நூலால அளப்பாங்க. அந்த நூலைச் சுவத்துக்குள்ள வச்சுப் பூசிடுவாங்க. நாப்பது நாளுக்குள்ள அந்த ஆளு காலி. சுவரு மட்டும் அசையாது."

"அப்போ உங்க தொப்பையோட நிழலை வைங்க அண்ணே. ஆயிரம் வருஷம் நிக்கும்!"

வேலையாட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சேவலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வாய்க்கொழுப்பு என்பார்களே, எனக்கு அன்று அதுதான்.

மறுநாள் தேவதூதர் மிக்காயேல் திருநாள். எங்கள் ஊரில் அவர்தான் உயிரை எடுக்க வருகிறவர். அதனால் எல்லோரும் மூன்றரைக்கே கிளம்பினார்கள். படிக்கட்டை மட்டும் அளந்துவிட்டுப் போகலாம் என்று நான் உள்ளே போனேன். கையில் லேசர் அளவுக்கருவி. ஒரு பேட்டரி விளக்கு. கீழ்ப்படியில் விளக்கை வைத்துவிட்டு ஏறினேன். நாற்பத்து மூன்று படிகள். மேல்வாசலைப் புது வளைவுக்காகப் பலகை அடித்து மூடியிருந்தோம்.

நாலு பத்து. கீழே கதவு சாத்தும் சத்தம்.

அது ஆடுகள் நுழையாமல் இருக்க நாங்களே போட்ட பலகைக் கதவு. தாழ்ப்பாள் வெளிப்பக்கம். யாரோ கடைசியாகப் போனவன், உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் போட்டுவிட்டான். திட்டிக்கொண்டே இறங்கினேன். பழக்கத்தில் படிகளை எண்ணினேன்.

நாற்பத்தொன்று.

தப்பாக எண்ணிவிட்டேன் என்று நினைத்தேன். கதவைத் தட்டினேன். கத்தினேன். போனில் சிக்னல் இல்லை. அம்புவிடும் துவாரம் ஒன்று உண்டு, என் உள்ளங்கை அகலம். அதில் வாயை வைத்துக் கத்தினேன். தூரத்தில் ஆட்டு மணி மட்டும் கேட்டது.

சரி, வேலையைப் பார்ப்போம் என்று படிக்கட்டின் அகலத்தை அளந்தேன். எழுபத்து நாலு சென்டிமீட்டர். காலையிலும் அதேதான்.

ஐந்து மணிக்கு மறுபடி அளந்தேன். எழுபத்தொன்று.

கருவியைத் துடைத்தேன். அதே இடம். அறுபத்தாறு.

ஈரச் சுண்ணாம்பு வாசனை. அப்போதுதான் குழைத்த மாதிரி. படிக்கட்டுக்குள் மூன்று நாளாக யாரும் கலவை போடவில்லை. என் இரண்டு தோளும் சுவரில் உரசின. காலையில் உரசவில்லை... எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஐந்து நாற்பது. அந்தச் சத்தம்.

ஸ்ர்ர்ர்...

கல்லில் நூலை இழுப்பது போல. மெல்ல. நின்று நின்று.

திரும்பிப் பார்த்தேன். விளக்கு கீழ்ப்படியில். என் நிழல் வடக்குச் சுவரில். அதன் குதிகாலிலிருந்து ஒரு மெல்லிய கோடு மேலே போய்க்கொண்டிருந்தது. நூலின் நிழல். நூல் இல்லை. கையால் தடவிப் பார்த்தேன்... எதுவும் இல்லை. நிழல் மட்டும்.

ஸ்ர்ர்ர்... முழங்கால்.

ஸ்ர்ர்ர்... இடுப்பு.

அளக்கிறது. நான் எத்தனை ஆயிரம் சுவர்களை அளந்திருக்கிறேன்! என்னை அளக்கிறது.

தோள்.

கழுத்து.

விளக்கை எட்டி உதைத்தேன்.

இருட்டு.

நிழல் இல்லாவிட்டால் அளக்க முடியாது. அது ஒன்றுதான் தோன்றியது. போன் வெளிச்சம்கூடப் போடவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதுகில் ஒரு சுவர். முழங்காலில் ஒரு சுவர். மூச்சை முழுதாக இழுக்க இடம் இல்லை.

சத்தம் என்னைத் தேடியது.

படியில்... என் செருப்பருகில்... காதருகில்...

அழுதேன். சத்தம் வராமல் அழுதேன். ஒரு மணி நேரத்துக்கு மேல்.

பிறகு தாழ்ப்பாள் நகர்ந்தது.

"நெவேனா! உள்ளயா இருக்க? உன் கார் அப்படியே நிக்குதேன்னு பாத்தேன்... லூசு மாதிரி இங்க என்ன பண்ற?"

ஸ்டாமென் அண்ணன். திருநாளுக்கு முந்தின இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டு மலை ஏறி வந்திருக்கிறார்.

"இங்கதான் அண்ணே! விளக்கைப் போடுங்க! சீக்கிரம் விளக்கைப் போடுங்க!"

போட்டார். பெரிய டார்ச். படியில் வைத்துவிட்டு என்னைத் தூக்கக் குனிந்தார். அவர் நிழல், தொப்பையோடு, வடக்குச் சுவர் முழுக்க விழுந்தது.

ஸ்ர்ர்ர்ர்க்.

ஒரே இழுப்பு. குதிகாலிலிருந்து உச்சந்தலை வரை.

"என்ன சத்தம் அது?"

"எலி, அண்ணே. வாங்க போவோம்."

எலி என்று சொன்னேன். ஆமாம், நான்தான் சொன்னேன். என்னைவிட அவருக்கு அந்தக் கதை நன்றாகத் தெரியும். அதனால்தான் சொல்ல முடியவில்லை.

டிசம்பர் பதினாறு. முப்பத்தொன்பதாவது நாள். காலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர் கோப்பையைக் கீழே வைத்தார், அப்படியே சாய்ந்துவிட்டார். நெஞ்சுவலி என்றார் மருத்துவர். சாவு வீட்டு முற்றத்தில் அந்தச் சிவப்புச் சேவல் மேய்ந்துகொண்டிருந்தது. சவப்பெட்டி செய்கிற தச்சர் உயரம் கேட்டார். ஸ்டாமென் அண்ணனின் மகள் துணியளக்கும் நாடாவோடு உள்ளே போய் வந்து சொன்னாள், ஒன்று எழுபத்தெட்டு என்று.

நாலாவது முறை கட்டிய வடக்குச் சுவர் நிற்கிறது. ஏழு குளிர்காலம் ஆயிற்று. ஒரு விரிசல் இல்லை.

அளவுக்கருவியைப் பல வாரங்கள் நான் தொடவே இல்லை. வேறு வேலைக்காகத் திறந்தபோதுதான் அன்றைய பதிவுகளைப் பார்த்தேன். ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் அது நேரத்தையும் குறித்து வைக்கும். 0.74. 0.71. 0.66. அவை நான் எடுத்தவை.

அதற்குக் கீழே இன்னும் ஒன்று இருந்தது. மாலை ஆறு ஐம்பத்திரண்டு. நான் எடுக்கவில்லை. அந்த நேரத்தில் கருவி அணைந்து என் பைக்குள் கிடந்தது.

1.78.