இரட்டைக் காது முடிச்சு

நாற்பத்திரண்டு வயசுப் பொம்பளை உட்கார்ந்து பொம்மைப்படம் பார்த்தால் ஊர் வாய் சும்மா இருக்குமா? ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்குக் கார்ட்டூன் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது, அது எழுத்தருக்கு மட்டும்தான் தெரியும். "கார்ட்டூனு, இந்த மூட்டையப் பிடி" என்று கூப்பிட்டால், "இதோ வந்துட்டேன்" என்று சிரித்துக்கொண்டே ஓடுவாள். கோபமெல்லாம் வராது. அவளுக்குக் கோபப்படவே தெரியாது என்று எல்லோரும் சொல்வார்கள், அது உண்மைதான்.

மகளுக்கு நாலு வயசில் காய்ச்சல் கண்டபோது ஆரம்பித்த பழக்கம் அது. ஒரு வாத்தும் ஒரு நத்தையும் வரும் படம். வாத்து அவசரக்குடுக்கை. நல்லது செய்கிறேன் பேர்வழி என்று யாருக்கும் சொல்லாமல் எதையாவது செய்து வைக்கும், அது எக்குத்தப்பாகப் போய் முடியும். கடைசியில் வாத்து நத்தைக்கு முன்னால் போய்த் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "நான்தான் செஞ்சேன்" என்று சொல்லும். நத்தை மெதுவாகத் திரும்பி, "தெரியும், வா" என்று சொல்லும். அவ்வளவுதான் கதை. ஒவ்வொரு வாரமும் அதே கதை. மகள் வளர்ந்து, நர்ஸ் படிப்பில் சேர்ந்து, "அம்மா, என் ஃபிரண்ட்ஸ் முன்னாடி மட்டும் அத போடாதம்மா, மானம் போகுது" என்று கெஞ்சும் நிலைக்கு வந்துவிட்டாள். இவள் விடவில்லை. அந்த "தெரியும், வா" காதில் விழுந்தால்தான் அவளுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கும்.

வாத்தின் கழுத்தில் ஒரு துணி கட்டியிருக்கும், முயல் காது மாதிரி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு. இவளும் எதைக் கட்டினாலும் அப்படித்தான் கட்டுவாள். சாப்பாட்டு டப்பா, அழுக்கு மூட்டை, மகள் சின்னவளாக இருந்தபோது அவள் ஜடை, எல்லாவற்றிலும் அந்த இரட்டைக் காது முடிச்சுதான். ஒரு காதைப் பிடித்து இழுத்தால் போதும், சரக்கென்று அவிழ்ந்துவிடும். சலவைக்கூடத்தில் மூட்டையைப் பார்த்தே, "இது நம்ம கார்ட்டூன் கட்டினது" என்று சொல்லிவிடுவார்கள்.

அவளோடு ஒரே மெஷினில் நின்றவள் நெட்டை. பெயருக்கேற்ற உயரம், பெயருக்கு மிஞ்சிய வாய். துவைத்து வரும் படுக்கை விரிப்பின் ஒரு முனையை இவள் பிடிக்க, மறுமுனையை நெட்டை பிடிக்க, இரண்டு பேரும் உதறி, இழுத்து, சூடான உருளைக்குள் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் மொடமொடவென்று இஸ்திரி போட்டு வெளியே வரும். ஒரு நாளைக்கு ஐந்நூறு, அறுநூறு விரிப்பு. ஒன்பது வருஷமாக ஒரே துணியின் இரண்டு முனையைப் பிடித்தவர்கள். ஒருத்தி தும்மினால் மற்றவள் கை தானாக நிற்கும்.

இருவருக்கும் சலவைக்கூடத்துக்குப் பின்னால் இருந்த குடியிருப்பில்தான் அறை, அடுத்தடுத்த கதவு. வேலை இருக்கும் வரைக்கும் அறை. நெட்டைக்குக் குடும்பம் இல்லை. கார்ட்டூனின் புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் போனபோது, மூன்று மாதம் தன் அடுப்பிலேயே மூன்று பேருக்குச் சமைத்தவள் அவள்தான். மகள் அவளைப் பெரியம்மா என்று கூப்பிடுவாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரும் சோப்பு மூட்டைகளின் மேல் உட்கார்ந்து, ஒரு காதுக்கு ஒன்று என்று இயர்போனைப் பங்கு போட்டுக்கொண்டு வாத்தைப் பார்ப்பார்கள். "இதுக்குப் போய் கண்ணு கலங்குறியே, உனக்கு மறை கழண்டு போச்சாடி?" என்று நெட்டை திட்டுவாள். ஆனால் கார்ட்டூன் லீவு போட்ட நாளில், "என்னாச்சு இன்னைக்கு அந்த வாத்துக்கு?" என்று சாயங்காலம் கதவைத் தட்டுவதும் அவள்தான்.

உருளைக்கு முன்னால் குறுக்காக ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை பட்டால் மெஷின் நின்றுவிடும். விரல் உள்ளே போகாமல் இருக்கத்தான் அது. அந்தக் கம்பியின் ஸ்பிரிங் தளர்ந்து போய், காற்று பட்டாலே நிற்க ஆரம்பித்தது. நிற்கும்போது உள்ளே பாதியில் மாட்டிய விரிப்பு கருகி, குறுக்கே பழுப்புக் கோடு விழும். நெட்டை உயரம் என்பதால் அவள் மணிக்கட்டுதான் அடிக்கடி இடித்தது. மூன்று தடவை மேலாளரிடம் சொல்லியாயிற்று. "ஸ்பிரிங் வரும், வரும்" என்றார். ஸ்பிரிங் வரவில்லை, நெட்டைக்கு எச்சரிக்கைக் கடிதம்தான் வந்தது. கவனக்குறைவாம். அடுத்த மாதம் இரண்டாவது கடிதம். மூன்றாவது வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆனால் போவதற்கு வீடும் அதோடு போய்விடுமே!

"போனா போகுது போ, எங்கயாவது பாத்திரம் கழுவிப் பொழச்சுக்கறேன்" என்று நெட்டை சொன்னாள். சொன்னவள் அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

கார்ட்டூனுக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்தாள். கிழிந்த விரிப்பிலிருந்து ஒரு விரல் அகலத்துக்குத் துணியைக் கிழித்தாள். தன் பக்கத்தில், மெஷினின் கால் ஓரமாகக் குனிந்து, தடுப்புக் கம்பியை அந்தக் காலோடு சேர்த்து அசையாமல் கட்டினாள். இரட்டைக் காது முடிச்சுதான், வேறு முடிச்சு அவளுக்குக் கைவராது. யாருக்கும் சொல்லவில்லை. நெட்டையிடமும் சொல்லவில்லை. வாத்து எங்கே சொல்லிவிட்டுச் செய்கிறது? சொல்லாமல் செய்வதில்தான் அவளுக்கு ருசி இருந்தது. அடிப்பாவி, அதை மட்டும் அவளிடமாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

இரண்டு வாரம் மெஷின் நிற்கவில்லை. ஒரு கோடு விழவில்லை. "பாத்தியா, நான் போட்ட சத்தத்துல மெஷினுக்குப் புத்தி வந்துடுச்சு!" என்று நெட்டை மார்தட்டினாள். கார்ட்டூன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒன்பது வருஷத்தில் அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்த இரண்டு வாரம் வேறு கிடையாது.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை, சாப்பிட்டு வந்து கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஓரம் பிரிந்த விரிப்பு ஒன்று வந்தது. பிரிந்த நூல் நெட்டையின் வலது கை விரல்களில் சுற்றிக்கொண்டது. உருளை இழுத்தது. அவள் கை கம்பியின் மேல் மோதியது. கம்பி அசையவில்லை.

அந்த அலறலை எழுதி என்ன ஆகப்போகிறது? கார்ட்டூன் தூணில் இருந்த சிவப்புப் பொத்தானுக்குப் பாய்ந்து அமுக்கினாள். மெஷின் நின்றது. கூடத்தின் மறுகோடியிலிருந்து ஆட்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். அந்த நாலைந்து நொடியில் அவள் நெட்டையிடம் போகவில்லை. குனிந்தாள், ஒரு காதைப் பிடித்து இழுத்தாள், துணியைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது. பயம். வேறு என்ன சொல்ல?

நாலு விரல் போயிற்று. கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. இருவரும் இஸ்திரி போட்ட விரிப்பின் மேலேயே நெட்டையை வார்டில் படுக்க வைத்தார்கள்.

கார்ட்டூன் ஒரு நாள் தவறாமல் வார்டுக்குப் போனாள். தலை வாரிவிட்டாள், இடது கை நகம் வெட்டினாள், ஊட்டிவிட்டாள், துணி மாற்றினாள். கூடப் பிறந்தவள்கூட இப்படிப் பார்க்க மாட்டாள் என்று பக்கத்துக் கட்டில்காரி சொன்னாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் தினமும் படியேறுவாள். கட்டுப்போட்ட கையைப் பார்த்ததும் சீப்பைக் கையில் எடுத்துக்கொள்வாள்.

நெட்டை அவளை ஒரு கேள்விதான் கேட்பாள், தினமும்.

"ஏண்டி, இன்னைக்கு வாத்து என்ன பண்ணுச்சு?"

கார்ட்டூன் கதை சொல்வாள். வாத்து நத்தைக்குத் தெரியாமல் பாலம் கட்டியது, பாலம் உடைந்தது, நத்தை தண்ணீரில் விழுந்தது.

"அப்புறம்? கடைசில?"

"கடைசில என்னக்கா... வழக்கம்போலதான்."

"வழக்கம்போலன்னா?"

"அதான்க்கா, தெரிஞ்சதுதானே. தண்ணி குடிக்கிறியா?"

நெட்டை தலையைத் திருப்பிக்கொள்வாள். வலி போலிருக்கிறது என்று கார்ட்டூன் நினைத்துக்கொள்வாள்.

பத்தாம் நாள் விசாரணை. மேலாளரும், இன்ஜினியரும், ஒரு அதிகாரியும் மேஜைக்கு அந்தப் பக்கம். அதற்குள் புது ஸ்பிரிங் போட்டாயிற்று, அதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. பக்கத்தில் நின்றவள் கார்ட்டூன் ஒருத்திதான்.

"தடுப்புக் கம்பி வேலை செஞ்சுதாம்மா?" அதிகாரி கேட்டார்.

கட்டியது நான்தான் என்றால் வேலை போகும். வேலை போனால் அறை போகும். மகளுக்கு இன்னும் எட்டு மாதப் படிப்பு பாக்கி. போலீசுக்கும் போவார்களோ என்னவோ. ஆனால் சொன்னால் நெட்டை மேல் தப்பில்லை என்று ஆகும், ஒரு கையால் செய்கிற வேலை ஏதாவது கொடுத்து அவளை வைத்துக்கொள்வார்கள். இரண்டும் அவளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

"செஞ்சுது சார்."

"அப்ப கை எப்படி உள்ள போச்சு?"

அதோடு வாயை மூடியிருந்தாலும் பரவாயில்லை. "தெரியல சார். அவங்க கம்பிக்கு மேல கைய விட்டிருக்கலாம்."

மேலாளர் பெருமூச்சு விட்டுப் பேனாவை மூடினார்.

மூன்றாவது கடிதத்தை எழுத்தர் வார்டுக்கே கொண்டுவந்து படித்துக் காட்டினார். "உடன் பணிபுரிந்தவரின் சாட்சியத்தின்படி" என்ற இடத்தில் எழுத்தரின் குரலே இறங்கியது. கட்டில் பக்கத்தில் கார்ட்டூன் கையில் சீப்போடு நின்றிருந்தாள். நெட்டை கடிதத்தை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்தாள். "பாதி வாரியிருக்கு, மீதியையும் வாரு" என்றாள்.

மாதக் கடைசியில் நெட்டை அறையைக் காலி செய்தாள். அன்று காலை அவள் சாமான் கட்டுவதைச் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டு கிடந்தாள் கார்ட்டூன். ஒரு கையால் எடுத்து வைக்கிற சத்தம் வேறு மாதிரி இருந்தது. ஏதோ கீழே விழும், கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது, மறுபடி எடுப்பாள். இவளால் தாங்க முடியவில்லை. எழுந்து நேரே மேலாளர் அறைக்கு ஓடினாள். அன்றிலிருந்து இடுப்பை விட்டு எடுக்காத துணியை மேஜை மேல் போட்டாள்.

"நான்தான் செஞ்சேன் சார். கம்பிய நான்தான் கட்டினேன். அவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

மேலாளர் துணியைப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"ஸ்பிரிங் விஷயமா மூணு தடவ என்கிட்ட சொன்னீங்க. ஞாபகம் இருக்கா? இப்ப இதக் கிளறினா நீயும் போவ, நானும் போவேன். ஃபைல் மூடியாச்சு. இந்தத் துணிய எடுத்துட்டுப் போய் அழுக்குல போடு. வேலையப் பாரும்மா."

"சார், அவங்க இப்பக் கிளம்பிடுவாங்க சார்."

"அன்னைக்குக் கேட்டப்ப சொல்லியிருக்கணும்."

தண்டனை கூடக் கொடுக்க ஆளில்லாமல் போயிற்று அவளுக்கு. வாசலுக்கு ஓடி வந்தாள். ஒரு சின்ன வண்டி நின்றிருந்தது, டிரைவர் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார். நெட்டை தன் துணிமணிகளை எல்லாம் ஒரு பெரிய விரிப்பில் போட்டு, நாலு முனையையும் சேர்க்க முடியாமல், இடது கையில் இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கார்ட்டூன் மூச்சு வாங்க அவள் முன்னால் போய் நின்றாள். தலை தானாகத் தொங்கியது.

"நான்தான் செஞ்சேன்க்கா."

"தெரியும்" என்றாள் நெட்டை.

கார்ட்டூன் காத்திருந்தாள். வெட்கம் கெட்ட மனசு, மீதிச் சொல்லுக்காகக் காத்திருந்தது.

"கை உள்ள இருந்தப்ப என் மூஞ்சி மெஷினுக்குப் பக்கத்துல இருந்துச்சு. உன் முடிச்சத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். எனக்காகத்தான் நீ கட்டியிருப்பன்னு அப்பவே புரிஞ்சுது. அதுக்காக உன்மேல கோபமே வரலடி. அப்புறம் நீ குனிஞ்சு அத அவுத்த. அதையும் பாத்தேன்." நெட்டையின் குரல் உயரவே இல்லை. "சொல்லுவ, சொல்லுவன்னு தெனமும் உன்கிட்ட வாத்து கதை கேட்டேன்."

"அக்கா... இப்பதான் மேலாளர்கிட்ட..."

"மக படிப்ப முடிக்கட்டும். நல்லாப் பாத்துக்க."

பேசிக்கொண்டிருக்கும்போதே விரிப்பின் ஒரு முனை நழுவி, துணிகள் மண்ணில் சரிந்தன. கார்ட்டூன் பழக்க தோஷத்தில் குனிந்து அந்த முனையைப் பிடித்தாள். இழுத்து நிமிர்த்தி, மறுமுனைக்கு நேராக நின்றாள், ஒன்பது வருஷம் நின்ற மாதிரி.

நெட்டை தன் முனையை விட்டுவிட்டாள்.

"டிரைவரே, கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட்டாள். "இத ரெண்டு பேராத்தான் கட்டணும். அவங்க கையில இருக்கறத வாங்கிப் பிடிங்க."