கைராசி அக்காவின் கொழுத்த கிருமிகள்

எங்கள் ஆய்வகத்தில் கிருமி வளர்ப்பவரை எல்லோரும் கைராசி அக்கா என்றுதான் கூப்பிடுவோம். வயிற்றுக்கடுப்புக் கிருமியை வாராவாரம் பழைய தட்டிலிருந்து புதுத் தட்டுக்கு மாற்றி உயிரோடு வைத்திருப்பது அவர் வேலை. தட்டிலுள்ள உணவைத் தின்று பெருகும் கிருமிகள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து புள்ளி புள்ளியாகத் தெரியும். அவர் தொட்டு எதுவும் வளராமல் போனதில்லை. "நான் பெத்ததுங்ககூட இவ்வளவு சொன்ன பேச்சு கேட்டதில்ல" என்பார். பெருமை கொஞ்சம் அதிகம்தான், எங்களுக்கும் அதைக் கேட்கப் பிடிக்கும்.

அந்தக் கிருமி குடல் செல்லுக்குள் எப்படி நுழைகிறது என்று ஆராய ஒரு பெண் வந்து சேர்ந்தாள். பாவம், அவளுக்கு நேரம் சரியில்லை. செல்லோடு சேர்த்துவைத்தால் கிருமி நுழையவே மாட்டேன் என்றது. இந்த மாதமும் இப்படியே போனால் ஆராய்ச்சியை நிறுத்திவிடுவதாகத் தலைவர் சொல்லிவிட்டார். அவள் கழிவறையில் அழுததை அக்கா பார்த்துவிட்டார்.

"என் கைதான் சரியில்லக்கா."

"அழாதம்மா. நான் குடுக்கறது எல்லாம் நல்ல கிருமி. கொழுகொழுன்னு இருக்கற புள்ளியா பாத்துத்தான் எடுப்பேன். நோஞ்சான் பக்கம் கையே போகாது."

அவள் அழுகையை நிறுத்தினாள். அன்றே அக்காவின் கிருமியைச் சிவப்புச் சாயம் கலந்த தட்டில் பூசிவைத்தாள். நோய் உண்டாக்கும் மரபணுக்கள் இருந்தால் புள்ளி சாயத்தை இழுத்துச் சிவக்கும். மறுநாள் பார்த்தால் எல்லாம் வெளேரென்று இருந்தன.

செல்லைக் குத்தி உள்ளே நுழைவதற்கான ஊசியைச் செய்யும் மரபணுக்கள், இந்தக் கிருமியில் தனியாக ஒரு டி.என்.ஏ. வளையத்தில் இருக்கின்றன. அதைச் சுமப்பது பாரம். வேளாவேளைக்குச் சாப்பாடு வரும் தட்டில் ஊசி எதற்கு? வளையத்தைத் தொலைத்தவை மளமளவென்று பெருத்தன. சுமந்தவை நோஞ்சானாக நின்றன. அக்கா வாராவாரம் தொலைத்தவற்றையே பொறுக்கியிருக்கிறார்.

அவள் தயங்கித் தயங்கித் தட்டை நீட்டினாள். அக்காவின் முகம் தொங்கிப்போயிற்று.

"அப்ப உன் கை இல்ல, என் கை."

அக்காவே எழுந்து போய், உறைபெட்டியின் அடியில் கிடந்த ஆரம்பகாலக் கிருமிக் குப்பியைத் தேடி எடுத்தார். சாயத் தட்டில் பரப்பி, அடுத்த நாள் சின்னச் சிவப்புப் புள்ளி ஒன்றைக் கம்பியால் தொட்டார். அதற்குள் கை இரண்டு தடவை பெரிய வெள்ளைப் புள்ளிப் பக்கம் போய்விட்டது. தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

அந்த வாரக் கடைசியில் மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே அவள் கூப்பிட்டாள்.

"அக்கா, உள்ள போயிடுச்சு. செல்லெல்லாம் ஓட்டை ஓட்டையா செத்துக் கிடக்கு."

அக்கா குனிந்து பார்த்தார். "அப்பாடா" என்றார். பிறகு அவள் தோளைத் தட்டி, "கைய நல்லா கழுவிட்டு சாப்பிடப் போ. இப்ப இது நெஜக் கிருமி" என்றார்.