உக்கிய வைக்கோல் ஒரு பிடி

சோதனைக் குழாய் மஞ்சளாகவே நின்றது. கொதிநீரில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்தேன். நம்பாமல் திரும்பவும் வைத்தேன். பிள்ளைகள் வீட்டுக்குப் போனபிறகு பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் நான் செய்துவந்த சோதனை அது. நான் வளர்த்துவந்த பூஞ்சணம் சுரக்கும் நொதியம் வைக்கோலை உடைத்துச் சீனியாக்கினால், அந்த மஞ்சள் திரவம் செங்கல் நிறத்துக்கு மாறும். எவ்வளவு சிவப்போ அவ்வளவு வேலை நடந்திருக்கிறது என்று கணக்கு. முதல் வருடம் கறுக்கும் அளவுக்குச் சிவந்தது. போகப் போக வெளிறி, இப்போது ஒன்றுமில்லை.

காரணம் நான்தான். கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் ஒரு வயல் வரம்பில், மழையில் உக்கிக் கிடந்த வைக்கோல் குவியலிலிருந்து எடுத்துவந்த பூஞ்சணம் அது. செழிக்கட்டும் என்று குளுக்கோசு கலந்த கூழில் வளர்த்து, தட்டுக்குத் தட்டு மாற்றிக்கொண்டே இருந்தேன். இருந்த இடத்தில் சீனி கிடைத்தால் எது மினக்கெட்டு வைக்கோலை உடைக்கும்? சோம்பேறியாகிவிட்டது. பெற்றோர் கூட்டத்தில் பிள்ளைகளுக்குச் செல்லம் கொடுக்க வேண்டாம் என்று வாய் கிழியப் பேசுகிறவள் நான். முதலில் எடுத்ததில் கொஞ்சமாவது ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. படிப்பித்துக்கொண்டே நான் செய்த ஆராய்ச்சிப் பட்டத்தின் பதிவு முடிய இரண்டு மாதம் இருந்தது. இனி நீட்டித் தரமாட்டார்கள் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். நான்கு வருட உழைப்பும் போய்விடும்.

அந்தக் குவியல் இருந்தால் தப்பலாம். வயல்கார அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அக்கா, அந்த உக்கின வைக்கல் கும்பி இன்னும் கிடக்குதோ?"

"ஓம் ரீச்சர், கிடக்குது. வாங்கோ, எடுத்து வைக்கிறன்."

"வேண்டாம், நான் வந்து எடுக்கிறன்."

"உங்களுக்கு ஏன் கரைச்சல்? நான் பாக்கிறன்."

அன்றுதான் பல நாளைக்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கியது. சனிக்கிழமை எங்கள் ஊர் அரிப்பிலிருந்து முதல் பஸ்ஸில் போனேன். அக்கா முற்றத்தில் கதிரை போட்டு, தேத்தண்ணீர் தந்து, கட்டிய சாக்கு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். அவிழ்த்தேன். உள்ளே பளபளவென்று புது வைக்கோல்.

"உக்கினது எங்க அக்கா?"

"அது மணக்குது ரீச்சர். படிச்ச ஆள் கேட்டு வர அந்த ஊத்தையையோ தாறது? நேற்றுத்தான் இவர் எரிச்சுப்போட்டார். இது நல்லதாப் பாத்து நானே பொறுக்கினனான்."

வரம்புக்கு ஓடினேன். மண்டியிட்டுச் சாம்பலைக் கிளறினேன். கீழே மண்ணும் வெந்திருந்தது. வேறு குவியலில் வேறு பூஞ்சணம் இருக்கலாம். அதைப் பிரித்து, வளர்த்து, முதலிலிருந்து அளக்க இரண்டு மாதம் எந்த மூலைக்கு? அக்காமேல் கோபம் கோபமாக வந்தது. ஆனால் இத்தனை வருடத்தில் அவரை இருத்தி, எனக்கு வேண்டியது அந்த ஊத்தைதான் என்று ஒருநாளாவது சொன்னேனா? 'ஆராய்ச்சி' என்ற ஒற்றைச் சொல்லோடு முடித்துக்கொண்டேன், பெரிய படிப்புக்காரி.

கை முழுக்கக் கரியோடு திரும்பினேன். அக்கா செம்பில் தண்ணீர் வார்த்தார். என் முகத்தைப் பார்த்து அவர் முகம் வாடிவிட்டது.

"காணாதோ ரீச்சர்? இன்னொரு சாக்கு கட்டட்டோ?"

"காணும் அக்கா" என்று சொல்லி, அந்தச் சாக்கைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.